காவிரியின் மின்சாரமும் ஓமின் கணக்கும்

காவிரியைப் பற்றிப் பேசும் பெங்களூர்த் தமிழர் பெரும்பாலும் அதன் நீரைப் பற்றியே பேசுவர். அந்நீர் தஞ்சை வயல்களை அடையுமுன்னர் வழியில் ஆற்றிவந்த மற்றொரு பணியை நினைப்பவர் மிகச் சிலரே. மைசூர் நாட்டுச் சிவசமுத்திரத்தில் ககனசுக்கி, பரசுக்கி என்னும் இரண்டு அருவிகளாகப் பிரிந்து வீழும் அவ்வாறு, 1902-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், 92 மைலுக்கு அப்பாலுள்ள கோலார் தங்கவயலின் இயந்திரங்களைச் சுழற்றத் தொடங்கிற்று. அச்சுரங்கங்களில் இறங்கிப் பாடுபட்டவரில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்த தமிழ் மக்கள். நம் சங்கத்துக் குடும்பங்களிலும் பாட்டனோ முப்பாட்டனோ மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீபிலும் உழைத்தவர்கள் உண்டு. ஆதலின் இவ்வரலாறு நமக்கு அயலார் வரலாறு அன்று.

தங்கம் பூமிக்குள் கட்டியாகக் கிடப்பதில்லை. பாறையை உடைத்து மேலே ஏற்றி, ஸ்டாம்பு மில்லில் இட்டு மாவுபோல் இடித்த பின்னரே அதிலுள்ள சிறு துகள் கைக்கு வரும். இடிப்பதற்கும், ஊறும் நீரை இறைப்பதற்கும், அடியில் உழைப்போருக்குக் காற்று அனுப்புவதற்கும் ஓயாத விசை வேண்டும். 1902-க்கு முன்னர் அவ்விசை நீராவியினின்று கிடைத்தது. கொதிகலன்கள் விறகையும் நிலக்கரியையும் விழுங்கின. சுற்றுக் காடுகள் குறைந்தன. கரியோ நெடுந்தொலைவிலிருந்து ரயிலில் வரவேண்டும். பௌரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை 1894-இல் கிளைப்பாதை அமைந்தபின் சரக்கு வருவது எளிதாயிற்று. ஆயினும் கரியின் விலை குறையவில்லை. இந்நிலையில்தான் காவிரியின் வீழ்ச்சியை விசையாக்கிக் கம்பி வழியே கொண்டுவரலாம் என்ற எண்ணம் உருப்பெற்றது.

அன்று மைசூரின் திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டை அடுத்த குமாரபுரத்தில் 1845-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்று, 1883 முதல் 1901 வரை மைசூரின் ஆட்சிப் பொறுப்பைத் தாங்கியவர். திட்டத்தைத் தீட்டியவர் மைசூர் அரசின் துணைத் தலைமைப் பொறியாளராயிருந்த கானடா நாட்டினர், காப்டன் ஜோலி டி லோபினியேர். அவர் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சென்று அங்குள்ள நிலையங்களைக் கண்டு திரும்பினார். நீர்ச்சக்கரங்கள் சுவிட்சர்லாந்தின் எஷர் விஸ் நிறுவனத்தாராலும், மின் இயந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தாராலும் ஆக்கப்பட்டன. கப்பலேறி வந்த அப்பளுவான பொருள்களை ரயில் மத்தூர் நிலையம் வரையிலேதான் கொணர்ந்து சேர்த்தது. அங்கிருந்து அருவிக்கரை வரை வண்டி மாடுகளும் யானைகளும் இழுத்தன. இருபதாம் நூற்றாண்டின் இயந்திரத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் யானை இழுத்தது என்று எண்ணும்போது, ரயில்வேயில் சரக்குக் கணக்கெழுதும் எனக்கு அந்நாளைய மத்தூர் நிலையத்துக் குமாஸ்தாவின் நிலை கண்முன் தோன்றுகிறது. எத்தனை பேரேடுகள் நிரம்பினவோ!

இனி, அடிப்படைக் கேள்விக்கு வருவோம். நிலையத்திலிருந்து சுரங்கம் 92 மைல், அதாவது ஏறத்தாழ 148 கிலோமீட்டர். அத்தனை நீளமுள்ள செப்புக் கம்பியில் செல்லும் மின்சாரம் வழியிலேயே சூடாகி வீணாகிவிடாதா? எடிசன் 1882-இல் நியூயார்க்கில் நிறுவிய நிலையம் ஏறத்தாழ ஒரு மைல் எல்லைக்குள்தான் விளக்கேற்ற முடிந்தது. அப்படியிருக்க, 20 ஆண்டுகளில் 92 மைல் சென்றது எங்ஙனம்? விடை காண இரண்டு மனிதரின் கணக்கை அறிதல் வேண்டும்.

முதலாமவர் ஜார்ஜ் சைமன் ஓம். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் 1789-இல் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். கொலோன் நகரப் பள்ளியொன்றில் கணிதமும் இயற்பியலும் கற்பித்துவந்தார். மின்சாரம் ஒரு கம்பியில் எவ்வளவு பாயும் என்பதற்கு விதி உண்டா என்று ஆராயப் புகுந்த அவருக்கு முதல் இடையூறாய் நின்றது அக்காலத்து மின்கலம். அது ஒரு நிலையில் நில்லாது. தொடக்கத்தில் வலுத்துப் பின்னர் தளரும். அளக்கும் கோலே நீண்டும் சுருங்கியும் போனால் துணியை அளப்பதெப்படி? பாகெண்டார்பு என்னும் அறிஞரின் அறிவுரையால், பிஸ்மத்தும் செம்பும் இணைந்த கம்பியின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையை உருகும் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான மின்சாரம் பெற்றார். தொங்கவிட்ட காந்த ஊசியின் திருப்பத்தால் அதை அளந்தார். வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்துப் பார்த்தார். 1827-இல் அவர் வெளியிட்ட நூலின் சாரம் இதுதான்: மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். ஆகவே அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை.

நாட்டார் அவரை உடனே போற்றினரா எனின், இல்லை. பேராசிரியர் பதவி கிட்டும் என்று நம்பியிருந்தவர் இருந்த வேலையையும் விட்டு வெளியேறிச் சில ஆண்டுகள் வறுமையில் உழன்றார். இலண்டன் இராயல் சங்கம் 1841-இல் காப்ளி பதக்கம் அளித்த பின்னரே தாய்நாட்டினர் திரும்பிப் பார்த்தனர். மியூனிக் பல்கலைக்கழகத்தில் அவர் விரும்பிய இடம் 1852-இல் கிடைத்தது. 1854-இல் அவர் மறைந்தார். இதில் மற்றொரு விந்தையும் உண்டு. இதே உண்மையை ஓமுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முன்னரே இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ் கண்டிருந்தார். கருவி இல்லாமையால் தம் உடலில் மின்சாரத்தை ஏற்று அதிர்ச்சியின் அளவை ஒப்பிட்டுப் பார்த்தவர் அவர். ஆயினும் எவருக்கும் சொல்லாமல் ஏட்டிலேயே விட்டுவிட்டார். மாக்ஸ்வெல் 1879-இல் அவ்வேடுகளைப் பதிப்பித்தபோதுதான் உலகம் அறிந்தது. கூச்சமுள்ள செல்வரின் பெயர் அவ்விதிக்கு வாய்க்கவில்லை; ஏழை ஆசிரியரின் பெயரே வாய்த்தது. இது முறையே என்பது என் கருத்து. கண்டதை ஊரறியச் சொன்னவர் அவரல்லவா?

இரண்டாமவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல், மதுபானம் காய்ச்சும் தொழிலுடையார் ஒருவரின் மகன். நீரில் அமிழ்த்திய கம்பிச் சுருளில் மின்சாரத்தைச் செலுத்தி வெப்பமானியால் அளந்து, கம்பியில் எழும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கும் தடைக்கும் ஏற்ப அமையும் என்று 1841-இல் வெளியிட்டார். ஓட்டம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. இந்த 'இருமடி' என்ற ஒரு சொல்லில்தான் சிவசமுத்திரத்தின் இரகசியம் முழுவதும் அடங்கியுள்ளது.

வோல்ட், ஆம்பியர், ஓம் என்னும் அளவுப் பெயர்கள் 1881-இல் பாரிஸ் மாநாட்டில் உறுதி பெற்றன. வாட் என்ற பெயர் 1882-இல் முன்மொழியப்பட்டு 1889-இல் ஏற்கப்பட்டது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 746 வாட் ஒரு குதிரைச் சக்தி. ஆயிரம் வாட் ஒரு கிலோவாட்.

இதை விளங்கிக்கொள்ள அருவியே நல்ல உவமை. வோல்ட் என்பது அருவியின் உயரம் போன்றது. ஆம்பியர் என்பது நொடிதோறும் வீழும் நீரின் அளவு போன்றது. கம்பியின் தடை என்பது வாய்க்காலில் கிடக்கும் கல்லும் கரம்பும். சிவசமுத்திரத்தில் நீரைக் குழாய் வழியே இறக்கிய உயரம் ஏறத்தாழ 400 அடி, அதாவது 120 மீட்டர். நொடிக்கு ஒரு கன மீட்டர் நீர் அவ்வுயரத்திலிருந்து வீழுமாயின் அதில் அடங்கிய ஆற்றல் ஏறத்தாழ 1,170 கிலோவாட். உயரம் மிகுந்தால் குறைந்த நீரே போதும். உயரம் குறைந்தால் பெருவெள்ளம் வேண்டும். மின்சாரத்திலும் அவ்வாறே.

இப்பொழுது சுரங்கத்துக்கான கணக்கைப் போடுவோம். தொடக்கத்தில் அங்கு சென்ற ஆற்றல் ஏறத்தாழ 4,000 குதிரைச் சக்தி, அதாவது சற்றேறக்குறைய 3,000 கிலோவாட். உண்மையில் மூன்று கம்பிகளில் மூன்று கட்டமாக மாறுமின்சாரம் சென்றது. அதன் கணக்கு சற்றுச் சிக்கலானது. நாம் தெளிவுக்காக இரு கம்பிகளே என்று கொண்டு, போகவும் வரவும் சேர்த்துத் தடை 30 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இந்த 30 நான் கொண்ட எண்; கணக்கின் போக்கு மாறாது.

அழுத்தம் 30,000 வோல்ட் என்றால், 30 இலட்சம் வாட்டை 30,000-ஆல் வகுக்க, ஓட்டம் 100 ஆம்பியர். வழியில் வீணாவது 100 பெருக்கல் 100 பெருக்கல் 30, அதாவது 3 இலட்சம் வாட். பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஒன்பது பங்கு ஊர்போய்ச் சேர்ந்தது. வணிகர் பொறுத்துக்கொள்ளக்கூடிய சேதமே. அழுத்தத்தைப் பாதியாக்கி 15,000 வோல்ட் என்று கொண்டால் ஓட்டம் 200 ஆம்பியர்; வீணாவது 12 இலட்சம் வாட். அனுப்பியதில் பத்தில் நான்கு பங்கு காற்றைச் சூடாக்கப் போயிற்று. இன்னும் குறைத்து 3,000 வோல்ட் என்று கொள்வீராயின் ஓட்டம் 1,000 ஆம்பியர். அவ்வோட்டத்தை 30 ஓம் வழியே தள்ளுவதற்கே 30,000 வோல்ட் வேண்டும்! கையிலுள்ளதோ மூவாயிரம். அதாவது, அனுப்பவே இயலாது.

கம்பியைப் பருமனாக்கினால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும், செம்பு வாங்கப் பணமிருந்தால். நம் வீட்டு அழுத்தத்தை ஒத்த 220 வோல்ட்டிலேயே அதே ஆற்றலை அதே பத்திலொரு பங்கு சேதத்தோடு அனுப்ப வேண்டுமாயின், 30,000 வோல்ட்டுக்கு வேண்டிய செம்பைப் போல் 18,000 மடங்குக்கு மேல் செம்பு வேண்டும். சுரங்கத்துத் தங்கம் முழுவதையும் விற்றாலும் அச்செலவு கட்டியிராது.

ஆகவே உயர்ந்த அழுத்தமே வழி. ஆனால் அவ்வளவு அழுத்தத்தை இயந்திரத்துள் நேரே உண்டாக்குவது அரிது. சுரங்கத்துள் அதை நேரே கையாளுவதோ உயிருக்கு உலை. இங்குதான் டிரான்ஸ்பார்மர் துணை நின்றது. நிலையத்தில் 720 கிலோவாட் அளவுள்ள ஆறு இயந்திரங்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் வோல்ட்டில் மின்சாரம் தந்தன. டிரான்ஸ்பார்மர் அதை 30,000 முதல் 35,000 வோல்ட் வரை உயர்த்திக் கம்பியில் ஏற்றிற்று. மறுமுனையில் மற்றொன்று இறக்கிற்று. இது மாறுமின்சாரத்துக்கே இயலும். எடிசனின் நேர்மின்சாரத்துக்கு அந்நாளில் இயலவில்லை. ஜெர்மனியில் லாபன் ஊரிலிருந்து பிராங்க்பர்ட் வரை 175 கிலோமீட்டர் 1891-இல் ஒரு கண்காட்சிக்காக அனுப்பிக் காட்டியிருந்தனர். நயாகராவிலிருந்து பபலோ நகருக்கு 1896-இல் சென்றது ஏறத்தாழ 26 மைல், 11,000 வோல்ட். அவற்றோடு ஒப்பிட, நாள்தோறும் இடையறாது உழைக்கவேண்டிய 92 மைல் கம்பியை மைசூர் அரசு துணிந்து ஏற்றது சிறு செயலன்று.

இவ்விடத்தில் ஒன்று கூறவேண்டும். சிவசமுத்திரமே ஆசியாவின் முதல் நீர்மின் நிலையம் என்றும், பெங்களூரே ஆசியாவில் முதலில் மின்விளக்குப் பெற்ற நகரம் என்றும் மேடைதோறும் முழங்குகின்றனர். பெருமை வேண்டும், பொய்ப் பெருமை வேண்டா. டார்ஜிலிங்கில் சித்ராபோங் நிலையம் 1897-இலேயே 130 கிலோவாட் அளவில் தொடங்கிவிட்டது. ஜப்பானின் கியோட்டோ நகரம் 1891-இலேயே நீரால் மின்சாரம் பெற்றது. கல்கத்தா மக்களுக்கு 1899-இல் மின்சாரம் கிடைத்தது. சிவசமுத்திரத்தின் பெருமை முந்தியதில் இல்லை. அளவிலும் தொலைவிலும் உள்ளது. அது போதும்.

சேஷாத்ரி ஐயர் இதைக் காணக் கொடுத்து வைக்கவில்லை. உடல் நலிந்து 1901-இல் பதவியினின்று விலகி, அவ்வாண்டு செப்டம்பரிலேயே காலமானார். தங்கவயலுக்கு மின்சாரம் சென்றது அதற்கு ஒன்பது மாதங்களின் பின்னர். கப்பன் பூங்காவில் அவர் பெயரால் எழுந்த மண்டபத்துக்குள் நூலகத்தைத் தேடிச் செல்லும் நம் பிள்ளைகள், முன்னே நிற்கும் சிலை எவருடையது என்று கேட்டால் இதைச் சொல்லலாம்.

மின்சாரம் முதலில் தங்கத்துக்குப் போயிற்று. மக்களுக்கு அதன் பின்னரே வந்தது என்பதும் மறக்கற்பாலதன்று. சுரங்கக் கம்பெனிகள் கட்டிய தொகையால்தான் திட்டத்தின் கணக்கு நேராயிற்று. ஆகவே முதலில் அவர்களுக்கு. பெங்களூரில் விளக்கெரிந்தது 1905 ஆகஸ்டு 5-ஆம் நாள். இன்று கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட்டு நிற்கும் இடத்தருகே முதல் தெருவிளக்குச் சுடர்விட்டது. அதுவரை மண்ணெண்ணெய் விளக்கே தெருவைக் காத்தது. மைசூர் நகரம் 1908-இல் ஒளி பெற்றது. அந்நாளைய மின்சாரம் நொடிக்கு 25 சுழற்சி; இந்நாளைய 50 சுழற்சியில் பாதி. கூர்ந்து நோக்குவோர்க்கு விளக்கு சற்றே துடிப்பது தெரியும்.

நீரின் செய்தியையும் விடலாகாது. மைசூர் இத்திட்டத்தை எடுத்தபோது சென்னை அரசு தஞ்சையின் நீர் குறையுமோ என்று கவலைப்பட்டது இயல்பே. ஆனால் சக்கரத்தைச் சுழற்றிய நீர் குறைவின்றி ஆற்றுக்கே திரும்புகிறது. அது இழப்பது உயரத்தை மட்டுமே. ஒரு சொட்டும் இழப்பதில்லை. இதைக் கணக்காகக் காட்டிய பின்னரே இசைவு கிட்டிற்று. வேறோர் இடர் கோடையில் வந்தது. ஆறு வற்றினால் சக்கரமும் தளரும். சுரங்கத்தில் நீரிறைக்கும் பம்பு தளர்ந்தால் அடியிலுள்ளோர் கதி என்னாவது? ஆண்டு முழுவதும் நீரை ஒரே அளவில் விட வேண்டும் என்ற இத்தேவையும் பாசனமும் சேர்ந்துதான், விசுவேசுவரய்யா தலைமைப் பொறியாளராயிருந்த காலத்தில், 1911-இல் கண்ணம்பாடி அணையைத் தொடங்கச் செய்தன. அணையைப் பற்றி எழுந்த வழக்கும் 1924-ஆம் ஆண்டு உடன்படிக்கையும் தனிக் கட்டுரைக்குரியன, இங்கு வேண்டா. தமிழ்நாட்டில் பைக்காரா 1932-இலும் மேட்டூர் 1937-இலும் மின்சாரம் தரத் தொடங்கின.

ஓமின் கணக்கு ஆற்றோரத்தோடும் சுரங்கத்தோடும் நின்றுவிடுவதன்று. நம் குடியிருப்பின் சுவருக்குள்ளும் இருக்கிறது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியில் ஆயிரத்தை 230-ஆல் வகுக்க ஓட்டம் ஏறத்தாழ 4.3 ஆம்பியர்; 230-ஐ அதனால் வகுக்கத் தடை 53 ஓம். பழைய 60 வாட் குண்டு பல்புக்கு ஓட்டம் கால் ஆம்பியருக்குச் சற்று மேல். எரியும்போது தடை 880 ஓம். அணைந்து குளிர்ந்த இழையின் தடை இதில் பத்திலொரு பங்குக்கும் குறைவு. அதனால்தான் பல்பு பெரும்பாலும் பொத்தானைத் தட்டிய அந்தக் கணத்திலேயே உயிர்விடுகிறது.

தாய்மார்கள் கருத்தில் கொள்ளவேண்டிய கணக்கு வேறொன்று. வெந்நீர்க் கொதிகலன் 2,000 வாட் என்றால் ஓட்டம் 8.7 ஆம்பியர். சுவரிலுள்ள பிளக்கின் உள்ளே ஒரு திருகு தளர்ந்து, அவ்வொரு முனையில் மட்டும் ஒரு ஓம் தடை ஏறிவிட்டது என்று கொள்வோம். 8.7 பெருக்கல் 8.7 பெருக்கல் 1, ஏறத்தாழ 75 வாட். ஒரு பல்பின் சூடு முழுவதும் கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் குவிகிறது. பித்தளை கறுக்கிறது, பிளாஸ்டிக் உருகி நாறுகிறது. பியூஸ் போகாது, ஏனெனில் ஓட்டம் கூடவில்லை, சற்றுக் குறைந்தே இருக்கிறது. ஆகவே பிளக்கு சுட்டால் அதனைப் பியூஸ் காக்கும் என்று இருந்துவிடாமல், கொதிகலனை நிறுத்தி வயர்மேனை அழைக்க வேண்டும். விளக்குக்கு இழுத்த மெல்லிய கம்பியில் கொதிகலனை மாட்டுவதும் இதே தீங்கை நீளமாகச் செய்வதே.

தங்கவயலின் கதை பின்னர் யாவரும் அறிந்ததே. சுரங்கங்கள் 1956-இல் அரசுடைமையாயின. சாம்பியன் ரீப் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் சென்றது. தங்கம் அருகி, செலவு மிகுந்து, 2001 பெப்ரவரி 28-ஆம் நாளோடு வேலை நின்றது. விசை தந்த சிவசமுத்திர நிலையம் நிற்கிறது. விசை கொண்ட சுரங்கம் நீர் நிறைந்து கிடக்கிறது. அங்கே வாழும் தமிழ்க் குடும்பத்தினர் ஆயிரக்கணக்கில் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து இரவில் திரும்புகின்றனர்.

அவர்கள் வரும் பாதையிலும் ஓமும் ஜூலும் உள்ளனர். சென்னைக் கடற்கரை முதல் தாம்பரம் வரை 1931-இல் ஓடத் தொடங்கிய மின்ரயில் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தால் ஓடிற்று. அம்முறையில் 1,000 கிலோவாட் இழுக்கும் வண்டிக்கு ஓட்டம் ஏறத்தாழ 667 ஆம்பியர்; ஆகவே பருத்த கம்பியும் சில மைலுக்கு ஒன்றாகத் துணைநிலையமும் வேண்டியிருந்தன. பின்னர் 1960-களில் அது 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாற்றப்பட்டது. பெங்களூர்–ஜோலார்பேட்டைப் பாதையிலும் தலைக்குமேல் செல்லும் ஒற்றைக் கம்பியில் இருப்பது அதே 25,000 வோல்ட்டே. அதே வண்டிக்கு அங்கே ஓட்டம் 40 ஆம்பியர். பங்காருபேட்டையில் வண்டி நிற்கும்போது அண்ணாந்து பார்ப்பவர்கள், அக்கம்பி ஏன் அவ்வளவு மெல்லியதாயிருந்தும் போதுமானதாயிருக்கிறது என்று இனித் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.